ஜோடிச் சீட்டு

கையெழுத்துதானே தம்பி, போடறேன். நான் எங்க ஓடிடப் போறேன்? முதல்ல டீயைக் குடிங்க. நான் இதுல கையெழுத்துப் போட்டாத்தான் விசா வரும், உங்க அண்ணன் என்னை அங்க கூப்பிட்டுக்க முடியும்னு மூணு தடவை சொல்லிட்டீங்க. காதுல விழுந்துச்சு.

வெளிநாடு போறதுக்குன்னு எழுதின அந்த இங்கிலீஷ் பரீட்சையில அவர் ரெண்டு வாட்டி கோட்டை விட்டாரே, ஞாபகமிருக்கா? கிராமரெல்லாம் தண்ணி பட்ட பாடு. எந்த வார்த்தையோட எது சேரும்ங்கறதுலதான் மாட்டுவாரு. நாம தப்பு பண்ணோம்னு சொல்றோம்ல, அப்படியே டூ மிஸ்டேக்னு எழுதிடுவாரு. அங்க மேக்தான் வரணும். மழை பலமாப் பெஞ்சா ஸ்ட்ராங் ரெயின்ம்பாரு. இல்லைங்க, மழைக்கு ஹெவி, டீக்குத்தான் ஸ்ட்ராங்னா, ஏன்னு கேட்டு என்கிட்டச் சண்டைக்கு வருவாரு. ஏன்னா? நானா கண்டுபிடிச்சேன்? அவங்க அப்படிப் பேசறாங்க, அவ்வளவுதான்.

எங்க யூனிட்ல நான் சட்டைக்குக் காலர் வைக்கறவ. துணிக்கட்டு மாறிப் போச்சுன்னா, பாக்க அதே நீலம்தான், டேப் வச்சாலும் அளவு சரியாத்தான் இருக்கும். தச்சு முடிச்சு வெளிச்சத்துல புடிச்சா, காலர் வேற சாயம்னு பல்லைக் காட்டும். மொத்தத்தையும் பிரிக்கணும். வார்த்தையும் இப்படித்தான் போலன்னு எனக்குப் பட்டுச்சு. வேஸ்ட் அட்டையைக் கொண்டாந்து சீட்டு சீட்டா நறுக்கினேன். அவர் நோட்டைப் பாத்து ஒரு சீட்டுல ஒரு வார்த்தை, இன்னொண்ணுல அதோட ஜோடி. எழுதினேன்னு சொல்றதை விட வரைஞ்சேன்னு சொல்லலாம். எட்டாவதோட நின்னவதானே.

சிரிக்காதீங்க. அவரும் இப்படித்தான் சிரிச்சாரு. மாவு பிசைஞ்ச கையோட நான் ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டுவேன், அவர் ஜோடியைத் தேடி எடுக்கணும். நான் முந்திக்கிட்டுச் சொல்லிட்டா மூஞ்சி சுண்டிப் போகும். உனக்கு எதுக்குடி இதெல்லாம், காட்டற வேலையை மட்டும் பாரும்பாரு. நானும் வாயை மூடிக்கிட்டேன். ஐநூறு சீட்டு தம்பி! அவர் பாஸ் பண்ணிப் போயே போயிட்டாரு.

போனவரு ஒரு வருஷமா போன்ல கூட ஒழுங்காப் பேசறதில்ல. மனசு வேற எதுலயாவது போகணுமேன்னு பழைய டிக்சனரி ஒண்ணு வாங்கினேன். அவர் நோட்ல இல்லாத ஜோடியெல்லாம் நானே தேடி எழுதிச் சேத்தேன். இன்னும் சேத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

என்ன, நேரமாச்சா? பேனாவை மூடி வைங்க. நீங்க கை கழுவப் போனப்ப இந்தப் பேப்பரைப் புரட்டிப் பாத்தேன். மூணாவது பக்கம், நடுவுல, மியூச்சுவல் கன்சென்ட்னு போட்டிருக்கு, நான் டிக்சனரி பாத்துச் சேத்த ஜோடில அதுவும் ஒண்ணு. ரெண்டு பேரும் மனசொத்துப் பிரியறாங்களாம். இது விசா பேப்பர் இல்ல தம்பி. விவாகரத்துப் பேப்பர்.

இவளுக்கு என்ன புரியப் போகுதுன்னு அவர் நினைச்சாரு, அது எனக்குப் பழகிப் போச்சு. நீங்க காலேஜ் முடிச்சவரு. படிச்சுப் பாத்துட்டுத்தானே, போடுங்க அண்ணின்னு வந்து உக்காந்தீங்க?