காந்தக் கோட்டின் மறுமுனை

— பையை அங்கயே வைடா தம்பி. அந்த ஹீட்டரைக் கிட்ட இழுத்துக்க, விறைச்சுப் போயிருக்க. கப்பல்ல வாந்தி எடுத்தியா?

— குடலே வெளிய வந்துடுச்சுக்கா. நீ என்ன, இன்னும் பெட்டியே கட்டல? மத்தியானம் கப்பல் திரும்புது. மாமாவை அனுப்பி வச்சு மாசம் ஆகப்போகுது, காரியம் எல்லாத்தையும் நாங்களே முடிச்சிட்டோம். கட்டின புருஷனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா நீ?

— அழுகை வரல. வந்தா அழுதுக்கறேன். இந்த ஹெட்போனை மாட்டு.

— இப்ப எதுக்குக்கா இது?

— மாட்டுன்னு சொல்றேன்ல. என்ன கேக்குது?

— என்னமோ எண்ணெயில பொரியற மாதிரி... ஏ, விசில்! மேலேர்ந்து கீழ சறுக்கிட்டு வருது. யாருக்கா ஊதறது?

— மின்னல்.

— இங்க வானம் வெறிச்சுன்னு கிடக்கே?

— இங்க இல்ல. பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம், நம்ம ஊரைச் சுத்தி எங்கயோ. மின்னல் வெட்டினா வெளிச்சத்தோட ரேடியோ அலையும் கிளம்பும். மேல போனா மின்னேறின துகளா மண்டிக் கிடக்கு, பிளாஸ்மான்னு சொல்லுவோம். காந்தப்புலம்னு ஒண்ணு இல்லேன்னா இந்த அலையை அது உள்ளயே சேர்க்காது, வந்த வழியே திருப்பிடும்.

— காந்தம் இருந்தா?

— வழி விடும். ஆனா இஷ்டத்துக்குப் போக முடியாது. பூமியோட காந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே ஏறி, வளைஞ்சு, மறுமுனையில இறங்கணும். கீச்சுக்குரல் முந்திக்கும், கட்டைக்குரல் பின்தங்கும். அதான் உனக்கு விசிலா கேக்குது.

— மாமா சொல்லியிருக்காரு. "உங்கக்காவும் லைன்மேன்தான்டா. என் கம்பி கம்பத்துல, அவ கம்பி ஆகாசத்துல"ன்னு...

— ம். நம்ம ஊருக்கு மேல கிளம்பற கோடு இந்தத் தீவுலதான் இறங்குது. இந்த ஸ்டேஷனை இங்க போட்டதே அதுக்குத்தான். சரி, அன்னிக்கு என்ன ஆச்சு? போன்ல அம்மா அழுதாங்க, ஒண்ணும் விளங்கல.

— என்னத்தச் சொல்ல? சத்தியமா, அப்படி ஒரு மழைக்கா. சாயங்காலம். கடைத்தெருக் கம்பத்துல ஏறியிருந்தாரு. பளிச்சுன்னு ஒரு வெட்டு, அவ்வளவுதான். யாரை நொந்துக்கறது?

— மின்னல்.

— மின்னல்தான்.

— அன்னிக்கு சாயங்காலம் பூரா இதே நாற்காலியில, இதே ஹெட்போனோட உட்கார்ந்திருந்தேன். ஒரு விசில்கூட வரல.

— ஒண்ணு ரெண்டு தவறிப் போகும்ல?

— நிறையவே தவறும். அதனாலதான் கருவியை மட்டும் நம்பல. மின்னல் எங்கெங்க விழுதுன்னு உலகம் பூரா கணக்குப் பார்க்கிறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டேன். நம்ம ஊர்ப் பக்கமே எதுவும் விழலையாம். வெறும் மழை. டீ ஆறுது பாரு, குடி.

— அம்மாதான்க்கா... "மின்னல்னு சொல்லிடு, அவ தாங்கமாட்டா"ன்னாங்க. சப்ஸ்டேஷன்ல லைனை நிறுத்தச் சொல்லிட்டுத்தான் மாமா ஏறினாரு. நடுவுல யாரோ தெரியாம கரண்டைப் போட்டுட்டாங்க.

— யாரோ.

— விசாரிச்சுக்கிட்டிருக்காங்க. மழை, அவசரம், நாலு பக்கமும் போன்... சத்தியமா, யாருன்னு இப்ப எப்படிக்கா சொல்றது?

— கம்பத்துக்கடியில நின்னுக்கிட்டுத்தான் எனக்கு போன் பண்ணினாரு. மழையில ஏறாதீங்கன்னேன். சிரிச்சாரு. "சப்ஸ்டேஷன்ல இன்னிக்கு உன் தம்பிதான் டூட்டி, பயமில்ல"ன்னு சொல்லிட்டு வச்சாரு.