கழிச்சா ஒண்ணும் மிஞ்சக் கூடாது

இல்ல பெரிய மாமா, உங்க மேல கோவப்பட்டு யாராவது குடும்ப வாட்ஸப் குரூப்ப விட்டுப் போவாங்களா? உக்காருங்க முதல்ல. அந்த நாற்காலில வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். நடந்ததச் சொல்றேன், அப்புறம் திட்டுங்க.

என் வேலை என்னன்னு தெரியும்ல? அய்யோ, பாட்டுக் கேக்குறது இல்ல மாமா. கம்ப்யூட்டர்ல ஓடுற பாட்ட எங்க சாஃப்ட்வேர் ரெக்கார்ட் பண்ணும். இம்மி கூட மாறக் கூடாது. மாறலன்னு பாத்துச் சொல்றதுதான் நான். அசல்லருந்து நகலக் கழிப்பேன். ஒண்ணும் மிஞ்சலன்னா பாஸ். ஆமா, எதுவும் கேக்கலன்னா கை தட்டுவோம். சிரிக்காதீங்க.

அன்னிக்கு அந்த சாஃப்ட்வேர வாங்கப் போறவங்களே பாக்க வந்துட்டாங்க. பாட்டு ஓடிச்சு. ரெக்கார்ட் ஆச்சு. கழிச்சேன். மிச்சத்த நல்லா சத்தமா வச்சேன். நிசப்தம். எல்லாரும் தலையாட்டுறாங்க, மேனேஜர் மூஞ்சில பெருமை தாங்கல. அப்பப் பாத்து டிங். இன்னொரு டிங். அப்புறம் டிங் டிங் டிங்னு மணிக்கடை மாதிரி.

வேற என்ன, நம்ம குரூப்தான். உடனே பதில் போடலன்னா சின்ன அத்தை கோச்சுக்குவாங்களேன்னு ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் திறந்து வச்சிருந்தேன். அந்தச் சத்தம் அதே ஸ்பீக்கர்ல வந்துடுச்சு. மேனேஜர் பதட்டத்துல எதையோ அழுத்த, பெரிய திரையில நீங்க. முழங்காலுக்கு எண்ணெய் தேய்ச்சுக் காட்டுவீங்களே, அந்த வீடியோ. வந்தவர் ஒருத்தர் முழுசாப் பாத்தார் மாமா. எந்த எண்ணெய்னு வேற கேட்டார்.

ம்யூட்டா? அது எப்பவோ பண்ணியாச்சு. சின்ன அத்தை என் பேரைப் போட்டு அனுப்புவாங்க, அது ம்யூட்டையும் தாண்டி வரும். அவசரத்துல வெளியேறுன்னு இருந்தத அழுத்தினேன். கம்ப்யூட்டர்லருந்து வெளிய வர்றதுக்குன்னு நெனச்சேன். அது என்னடான்னா குடும்பத்தவிட்டே வெளியேத்திடுச்சு.

டெஸ்ட்டா? திரும்ப ஓட்டினேன், பாஸ். கை தட்டினாங்க.

வீட்டுக்கு வந்தா இவர் வாசல்லயே நிக்கறார். எங்கம்மாவ அழ வச்சுட்டியேன்னார். தப்பா அழுத்திட்டேன்னு சொன்னேன். அதோட வாய மூடியிருக்கலாம். ஆனா என்ன ஒரு நிம்மதி தெரியுமான்னு சொல்லித் தொலைச்சேன். நான் டெஸ்ட்டத்தான் சொன்னேன் மாமா. சரி, முக்கால்வாசி டெஸ்ட்ட.

குரூப் போட்டோலருந்து என்னை வெட்டிட்டாங்களாமே? என் கை மட்டும் இன்னும் இவர் தோள்ல இருக்குதாம். யாரு வெட்டினதோ, ஒழுங்கா வெட்டத் தெரியல.

கெளம்பிட்டீங்களா? இருங்க, இந்தப் பைய எடுத்துட்டுப் போங்க. அவரோட கண்ணாடி, சட்டை ரெண்டு. உங்க வீட்டுக்குக் கோச்சுக்கிட்டுப் போன வேகத்துல விட்டுட்டார். கண்ணாடி இல்லாம வண்டி ஓட்டுறாரா என்ன? சாப்பிடுறாரா ஒழுங்கா?

நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க.

இல்ல மாமா, சொல்லுங்க.