படகுக்குள் ஏலக்காய் வாசம்

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் பேருந்து. எனக்கு முன்சீட்டில் இருந்தவர் கொச்சியில் ஒரு டாக்டரின் பாய்மரப் படகைப் பார்த்துக்கொள்பவர். லீவில் வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி, கோம்பைக்காரர். இரண்டு தேனி டிக்கெட்டையும் படகுக்காரரே எடுத்தார்.

"காத்துல ஓடுற படகு மாப்ள, உள்ள காத்து இல்லாம நாறிப்போச்சு" என்றார். நான் காதிலிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன்.

"எப்படி மச்சான்?"

"கரையில கட்டிக் கெடக்கும்போது மேல் கதவையும் முன்னாடி ஜன்னலையும் தெனம் தொறந்து வைக்கணும்னு டாக்டரு சொன்னாக. நான் ஏலக்காய மூடி வைக்கிற மாதிரி சந்துபொந்தெல்லாம் அடைச்சுப் பூட்டிட்டேன்."

"ஏலக்காய்க்குத்தான மச்சான் காத்துப் படக்கூடாது?"

"அந்த நெனப்புதான். மழை வேற. பத்து நாள் கழிச்சுத் தொறந்தா மெத்தை பூராம் பூசணம். அன்னைக்குன்னு பார்த்து டாக்டரு வர்றேன்னு போன் பண்றாக. வேலை போச்சுன்னே நெனச்சேன்."

"அப்புறம்?"

"மெத்தையத் திருப்பிப் போட்டு, ஒரு மூட்டை ஏலக்காய அவுத்து உள்ள பரப்பிட்டேன். வந்தாக, மோந்து பார்த்தாக, ஆகான்னாக! நாத்தம் பூராத்தையும் ஏலக்காய் இழுத்துக்கிருச்சு மாப்ள."

கோம்பைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது.

"மச்சான், கொச்சியில வித்துத் தாங்கன்னு நான் ஒரு மூட்டை குடுத்துவிட்டேனே, அது எங்க?"

உத்தமபாளையத்தில் பேருந்து நின்றது.

"இங்கன எனக்கொரு சோலி இருக்கு மாப்ள" என்று தேனி டிக்கெட்டோடு படகுக்காரர் இறங்கிப் போய்விட்டார்.