ஆவுடைத்தாய் மறிச்ச தெரு

நம்ம ஊருக்கு மேக்க ஒரு பெரிய பள்ளம் கெடக்குல்ல, ஆடு மாடு கூட ஓரத்துல நின்னு பாத்துட்டுத் திரும்பிருமே, அந்தப் பள்ளம் இல்லாத காலத்துல நடந்தது இது. அப்போ அந்த எடத்துல ஒரு தெரு இருந்துச்சாம். ரெண்டு பக்கமும் வீடு, நடுவுல வண்டிப்பாதை, கோழி, குஞ்சு, பிள்ளைகன்னு நெறைஞ்ச தெருவாம். நொச்சிப்பொத்தைங்கிற இந்த ஊரே அந்த ஒத்தைத் தெருதானாம்.

தெருவுக்கு நடுவீடு பூலுடையார் வீடு. ஊர்ல பெரிய மனுசன். அவருக்கு ஒரு மவன், ஒரு மவ. மவனுக்கு வாக்கப்பட்டு வந்தவதான் ஆவுடைத்தாய். வந்த மறுவருசமே புருசன் காய்ச்சல்ல போயிட்டான். பச்சைப் பிள்ளை மாதிரி இருந்தவளுக்கு வெள்ளைச் சீலையைக் கட்டி உக்கார வச்சிட்டாக.

அந்தக் காலத்துல தாலியறுத்தவ பாடு உங்களுக்குத் தெரியாது. நல்ல காரியம்னா முன்னால வரக்கூடாது. வெளியூர் போறவுக எதிர்ல அவ வந்துட்டா, அவுக வீட்டுக்குத் திரும்பி வந்து செம்புத் தண்ணி குடிச்சிட்டுத்தான் போவாக. அவளும் ஒதுங்கி ஒதுங்கிப் புறவாசலுக்கே போயிட்டா. அங்க ஒரு தோட்டம் போட்டா. பீர்க்கம்பந்தல், சுரைக்கொடி, கத்தரி, வெண்டை, ஒரு ஓரமா கீரை. கெணத்தடியில கனகாம்பரம், கேந்தி, பிச்சி. அவ வளத்த பூவு ஊர்ப் பொம்பளைக தலையெல்லாம் ஏறுமாம், அவ தலையில மட்டும் ஏறாதாம்.

அந்த வருசம் கோடை பொல்லாத கோடை. கத்திரி முடிஞ்சும் வெயில் எறங்கல. வைகாசி கடைசி. கத்தரிச் செடிக்குப் பனையோலையால நெழல் கட்டினா. வேரடியில சருகு போட்டு மூடினா. விதைக்கு விட்ட பீர்க்கங்காயை ஓட்டு மேல காயப் போட்டா. காலையிலயும் தண்ணி, சாயங்காலமும் தண்ணி. கனகாம்பரக் காய் இருக்கே, காஞ்ச காய், அதுல தண்ணி பட்டா படக்கு படக்குனு வெடிச்சு விதை தெறிக்கும். அந்தச் சத்தத்தைக் கேக்கதுக்குன்னே அவ உக்காந்திருப்பாளாம்.

அப்படி உக்காந்திருக்கப்போதான் இன்னொரு சத்தம் கேட்டுச்சாம். மடக்கு மடக்குனு. யாரோ தாகத்துல தண்ணி குடிக்காப்ல.

சுத்திப் பாத்தா. யாருமில்ல. சுரைக்கொடி அடியில ஊத்துன தண்ணி தேங்கல, பரவல. ஒரு கீறல் வழியா கீழ போயிட்டு இருந்துச்சு. இன்னொரு குடம் ஊத்தினா. அதையும் குடிச்சிருச்சு. கொடி மட்டும் வாடியே கெடந்துச்சு.

'கோடை மண்ணு, குடிக்கத்தான் செய்யும்'னு அவளே மனசைத் தேத்திக்கிட்டா.

ஆனா மறுநாளு அந்தக் கீறல் கிட்ட காலை வச்சவளுக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சாம். உச்சி வெயிலு, காக்கா கூட பறக்கல. அந்த வெயில்ல தரைக்குள்ள இருந்து குளுந்த காத்து வருது! கெணத்துக்குள்ள இருந்து வருமே, பாசி வாடையோட, அந்தக் காத்து. பக்கத்துல நின்ன கனகாம்பரம் மட்டும் என்னைக்கும் இல்லாத பூப்பு பூத்திருந்துச்சு. அதைப் பறிக்க அவளுக்குக் கை வரலியாம்.

கோழி அந்தப் பக்கம் கிண்டப் போகல. எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கிட்டு வேலி தாண்டி வரிசை வரிசையாப் போச்சு. பீர்க்கம்பந்தல் காலு ஒரு பக்கம் கீழ எறங்கி, பந்தலே சாஞ்சு நின்னுச்சு.

அவ சுரைக்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பை எடுத்தா. நீளக் கம்பு. கீறலுக்குள்ள விட்டா. போச்சு. இன்னும் விட்டா. இன்னும் போச்சு. கம்பு முடிஞ்சு கை தரையைத் தொட்டிருச்சு, அடி தட்டல. கை நழுவிக் கம்பு உள்ள விழுந்துச்சு. அவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் காதை வச்சா. ஒண்ணும் கேக்கல. ஒண்ணும் கேக்கல. அப்புறம் ரொம்பக் கீழ, தண்ணியில விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்துச்சாம்.

வீட்டுக்கு அடியில பெரிய பொடவு இருக்கு, பூமிக்குள்ள குகை இருக்குன்னு அவளுக்கு அப்பத்தான் வெளங்குச்சு.

வீட்டுல அப்போ கல்யாண வேலை. பூலுடையார் மவ முப்பிடாதிக்குக் கல்யாணம். தெருவை அடைச்சுப் பந்தல் போட்டாச்சு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாரதுக்கு நாள் நெருங்கியாச்சு. ஆவுடைத்தாய் மாமனார் முன்னால போயி, கதவுக்குப் பின்னால நின்னு சொன்னா.

"மாமா, புறவாசல்ல தரை உள்வாங்குது. கீழ பொடவு இருக்கு. கீறல் நம்ம சுவருக்கு அடியில ஓடித் தெருவுக்குப் போயிருக்கு. கல்யாணத்தைக் கோயில் திடல்ல வச்சுக்கிடுங்க மாமா."

அவரு நிமிந்து பாத்தாரு. "ஏளா, என் மவனைத்தான் முழுங்கின. என் மவ கல்யாணத்தையும் முழுங்கப் பாக்கியா?"

அவ்வளவுதான் சொன்னாரு. அந்தப் பேச்சு தெரு முழுக்கப் போயிருச்சு. 'நாத்தனா வாழப் போறது பொறுக்கல'ன்னாக. 'தோட்டத்துல பேயைக் கும்பிடுதா'ன்னாக. முப்பிடாதி ஒருத்திதான் புறவாசலுக்கு வந்து, "மதினி, நீங்க சொல்லுதது நெசமா?"ன்னு கேட்டா. ஆவுடைத்தாய் அவ கையைப் பிடிச்சுக் கீறல் மேல வச்சா. குளுந்த காத்து பட்டதும் அந்தப் பிள்ளைக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ஆனா கல்யாணப் பொண்ணு பேச்சை யாரு கேப்பா?

கல்யாணத்தன்னைக்குச் சாயங்காலம். 'நீ முன்வாசப் பக்கம் தல காட்டிராத'ன்னு அவளைப் புறவாசல்லயே இருக்கச் சொல்லிட்டாக. தூரத்துல மேளம் கேக்குது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வண்டி கட்டி வாராக. பாரம் ஏத்துன வண்டிக, அத்தனை மாடு, அத்தனை சனம். எல்லாம் அந்தத் தெருவுக்குள்ளதான் வரப்போகுது. ஆவுடைத்தாய் தரையைப் பாத்தா. சுரைக்கொடி நின்ன எடத்துல கொடியைக் காணோம். வேரோட உள்ள போயிருந்துச்சு.

சொன்னா கேக்க மாட்டாக. அழுதாலும் கேக்க மாட்டாக. அப்போ அவளுக்கு ஒண்ணு தோணுச்சாம். 'என் பேச்சுக்குத்தானே மதிப்பில்ல. என் மூஞ்சிக்குப் பயப்படுதாகல்லா!'

வேலியைத் தாண்டினா. தெருக்கோடிக்கு ஓடினா. தலைமுடியை அவுத்து விட்டா. வெள்ளைச் சீலையோட, நட்டநடு வழியில, மாப்பிள்ளை வண்டிக்கு முன்னால போயி நின்னா.

மேளம் நின்னுபோச்சு. மாப்பிள்ளையோட அப்பன் வண்டியில இருந்து எட்டிப் பாத்து அலறினாராம். "யாருளா இது? எம் மவன் வார வழியில வந்து நிக்கா! வண்டியைத் திருப்புங்கலே!"

"திருப்புங்க!" அவ சொன்னா. "திருப்பிக் கொண்டுபோயிக் கோயில் திடல்ல நிறுத்துங்க. ஒரு வண்டி கூட உள்ள வரக்கூடாது!"

மூக்கணாங்கயித்தைப் பிடிச்சுக்கிட்டா. விடல. சேதி தெருவுக்குள்ள போச்சு. அறுதலி மாப்பிள்ளையை மறிச்சிட்டான்னு கேட்டதும் அத்தனை சனமும் தெருக்கோடிக்கு ஓடி வந்துச்சு. பந்தல்ல இருந்தவுக, பந்தி போட வந்தவுக, திண்டுல சாஞ்சிருந்த பெரிய ஆளுக, கைப்பிள்ளைக்காரிக, எல்லாரும். பூலுடையார் எல்லாருக்கும் முன்னால வந்தாரு. வந்த வேகத்துல அவளை அறைஞ்சாரு. ஒதட்டுல ரத்தம் வந்துச்சு. கயித்தை விடல. "அடிங்க மாமா, இன்னும் அடிங்க. ஆனா இங்கன நின்னே அடிங்க."

மதினியை அடிக்காகன்னு கேட்டு முப்பிடாதி மாலையோட ஓடி வந்து குறுக்க விழுந்தா. "எங்க மதினி மேல கை வச்சா எனக்குக் கல்யாணமே வேண்டாம்!"

அப்பத்தான் கேட்டுச்சாம். மடக்கு மடக்குன்னு. இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டுச்சு. தரைக்குள்ள யாரோ ஒரு கடலைக் குடிக்காப்ல.

ஆளில்லாத பந்தல் ஒரு தடவை தலையாட்டிச்சாம். அப்புறம் நடுவீடு சத்தமில்லாம உக்காந்துச்சாம், களைச்சுப்போன மனுசன் உக்காருவான்ல, அப்படி. அதுக்குப் பெறவுதான் சத்தம் வந்துச்சு. எதிர்வீடு, பக்கத்து வீடு, வண்டிப்பாதை, கெணறு, தோட்டம், எல்லாம் போச்சு. புழுதி எந்திரிச்சு வெளிச்சமே மறைஞ்சு போச்சு. மாடுக வண்டியை இழுத்துக்கிட்டு வந்த வழியே ஓடுச்சு.

புழுதி அடங்கினப்போ ஆவுடைத்தாய்தான் ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தா. "சமையக்காரர் எங்க?"ன்னு கேட்டா.

சோறு கொதிக்குது, விட்டுட்டு வரமாட்டேன்னு அந்த மனுசன் அடுப்படியிலேயே இருந்துட்டாராம். வேலாண்டின்னு பேராம். வெளியூர்க்காரரு.

முப்பிடாதி கல்யாணம் மறுநாள் கோயில் திடல்ல நடந்துச்சு. மேளம் இல்ல. பூலுடையார் அதுக்கப்புறம் மருமவ மூஞ்சியைப் பாத்துப் பேசினதே இல்லையாம். கோவத்துல இல்ல, வெக்கத்துல. அவ குடிக்க வச்ச தண்ணியைக் கூட தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் வாங்குவாராம். ஊரைக் கெழக்கத் தள்ளி, பாறை மேல கட்டினாக. அதுதான் இப்ப நாம இருக்கது. ஆவுடைத்தாய் பின்னும் பல வருசம் இருந்தா. ஊரே காப்பாத்துனவன்னு கும்பிட்டாலும், "அந்த மனுசனை ஒரு வார்த்தை கூப்பிடாமப் போயிட்டேனே"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பாளாம்.

அதனாலதான் மக்கா, இன்னைக்கும் நம்ம ஊருக்குள்ள எந்த மாப்பிள்ளை வந்தாலும் சரி, கார்ல வந்தாலும் சரி, தெருக்கோடியில நிக்கணும். புருசனை எழந்த பொம்பளை ஒருத்தி நடுவழியில வந்து மறிச்சு நிப்பா. அவ காலால தரையை ஒரு மிதி மிதிப்பா. "தாங்கும், வாங்க"ன்னு சொல்லுவா. அவ வாயில இருந்து அது வார வரைக்கும் மேளக்காரன் கொட்ட மாட்டான்.