கோட்டு அறையைப் பூட்டியது நான்தான்

பெயர் ஆர்லன் ஸ்டென்ஸ்ருட். வயது 68. இருப்பிடம்: 214, மில் தெரு, நார்டால், மினசோட்டா மாநிலம். தொழில்: ஹால்வர்ஸ் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் சாமான் அறைப் பொறுப்பு. ஓய்வு பெற்ற பின்னும் செவ்வாய், வியாழக்கிழமைகளில் போய் வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று துணை ஷெரீப் திருமதி குவாம் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நடந்ததை என்னைவிடத் தெரிந்த வக்கீல் இந்த மாவட்டத்தில் இல்லை. திருமதி குவாம் எங்கள் கல்லூரியிலும் படித்தவரல்ல, செயின்ட் ஓட்வின் கல்லூரியிலும் படித்தவரல்ல என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாய் திறக்கிறேன்.

புகார்தாரர் மெர்லின் குட்ஸ்கே, வயது 71, என் தங்கை லவோனின் கணவர். அவர் செயின்ட் ஓட்வின் கல்லூரியில் இருபத்தாறு வருடம் பதிவாளராக, அதாவது மாணவர்களின் பாடக் கணக்கை வைப்பவராக, இருந்தவர். இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவே ஓர் ஏரியும் பதினோரு மைலும் இருக்கின்றன. இரண்டும் ஆயிரத்து சொச்சம் பிள்ளைகள் படிக்கிற சின்னக் கல்லூரிகள். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான் என்பதற்காக ஒரு பையனுக்கும் உதவித்தொகை கிடையாது. அதனால் யார் நன்றாக ஆடுகிறார்கள் என்ற சண்டை முடிந்ததும், யார் நன்றாகப் படிக்கிறார்கள் என்ற சண்டை ஆரம்பமாகும். இரண்டாவது சண்டைதான் பெரியது.

இந்த வருடம் இரண்டு அணிகளும் பத்து ஆட்டத்தில் ஒன்பது ஜெயித்தன. எங்கள் ஒரே தோல்வி செயின்ட் ஓட்வினிடம், மூன்று பாயிண்டில். அவர்களுடைய ஒரே தோல்வி வான்ஸ்டாட் கல்லூரியிடம். வான்ஸ்டாட் வருடம் முழுக்க அந்த ஓர் ஆட்டம்தான் ஜெயித்தது. எங்கள் வட்டாரத்துக்கு, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. அது யாருக்கு என்பதை தேசியத் தேர்வுக் குழு நவம்பர் மூன்றாம் ஞாயிறு, அதாவது நேற்று, மாலை நாலரைக்கு அறிவிப்பதாக இருந்தது. எங்களுக்கு அந்த இடம் கிடைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

அந்த ஞாயிறன்று இரண்டு பக்க ரசிகர்களும் நார்டால் லூத்தரன் சர்ச்சின் நிலவறைக் கூடத்தில் கூடுவது 1994 முதல் உள்ள வழக்கம். பக்கத்துக்கு ஆறு பேர் உட்கார்ந்து, நாங்களே தேர்வுக் குழு மாதிரி வாதாடி, வாக்கெடுப்போம். தலைமை மாட்டு வைத்தியர் டாக்டர் ஹாரியட் ஆஸ். அவர் எங்கும் சேராதவர். சமமாக விழுந்தால் மட்டும் வாக்களிப்பார். தோற்ற பக்கம் அத்தனை பாத்திரத்தையும் கழுவ வேண்டும். கூடத்தின் சாவிகள் சர்ச் பொறுப்பாளர் என்ற முறையில் என்னிடம் இருக்கும்.

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு ஆரம்பித்தோம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி குளிர். அதனால் எல்லாரும் கோட்டுகளைக் கோட்டு அறையில் மாட்டிவிட்டு வந்திருந்தார்கள். எதிரணிகளின் வெற்றி தோல்வியை எல்லாம் நான் அட்டையில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எங்களுடன் ஆடிய அணிகள் அவர்களுடன் ஆடியவற்றைவிடக் கடினமானவை என்பதை இருபது நிமிடத்தில் நிரூபித்தேன். அதற்கு மெர்லின், "மூணு பாயிண்ட்ல தோத்துட்டு வந்து அட்டையைத் தூக்கிக் காட்டுறான் பாரு. மச்சான், ஸ்கோர்போர்டுன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?" என்றார்.

"தெரியும். வான்ஸ்டாட்லயும் ஒண்ணு இருக்கு. அதையும் போய்ப் பாத்துட்டு வா" என்றேன். அதற்கு இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அதை வைத்தே வாக்கெடுப்பு எங்களுக்குத்தான் என்று கணித்தேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அதன் பிறகு மெர்லின் படிப்புக்கு வந்தார். "எங்க பசங்க லத்தீன் பரீட்சை எழுதிட்டு அந்தக் கையோட ஆட வர்றாங்க. உங்க காலேஜ்ல படிப்புன்னா என்ன, லேப்ல பாட்டில் கழுவுறதுதானே? அதுக்கும் ஒரு பட்டம் குடுக்குறீங்க" என்றார். முப்பத்தொரு வருடம் நான் பாட்டில் கழுவின இடம் அது. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது.

நான் எழுந்து நின்று, "உங்க பசங்க லத்தீன்ல எழுதுறது அவங்கவங்க பேரு மட்டும்தான். எங்க டீமையே நடத்துற குவார்ட்டர்பேக் இந்தப் பருவத்துல எடுத்திருக்கிறது ரெண்டே ரெண்டு வகுப்பு. மீதி நேரம் பூரா ஏரித் தண்ணியில ஈயம் எவ்வளவுன்னு சோதிச்சிகிட்டு இருக்கான். அவன் பேரு போட்டு ஆராய்ச்சிக் கட்டுரை வரப்போவுது. உங்கள்ல அப்படி ஒருத்தனக் காட்டு" என்றேன். நான் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தப் பையன் என் கண் முன்னால்தான் வேலை செய்கிறான்.

எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். டாக்டர் ஆஸ், "ரெண்டே வகுப்பா, ஆர்லன்?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடுகிற பையன் பருவத்துக்குப் பன்னிரண்டு கிரெடிட் அளவுக்குப் பாடம் எடுக்க வேண்டும். வகுப்புக்கு நாலு வீதம் இரண்டு வகுப்பு என்றால் எட்டு. தகுதியில்லாத பையன் ஆடினால் அவன் ஆடிய ஆட்டங்களின் வெற்றி எல்லாம் அடிபட்டுப் போகும். எங்கள் ஒன்பதும் போகும். தேர்வு விதிகளைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய நான் இதை எதிரியின் முன்னால், அதுவும் ஒரு பதிவாளரின் முன்னால், பெருமையாக எடுத்து வைத்தேன். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய மடத்தனத்தை யாரும் செய்ததாக எனக்குத் தெரியாது.

மெர்லின் கைபேசியை எடுத்துப் பார்த்தார். நிலவறையில் சிக்னல் வராது. அவர் எழுந்து கோட்டு அறைக்குப் போனார். வெளியே போய்த் தேர்வுக் குழுவுக்குப் புகார் அனுப்பத்தான் கோட்டு எடுக்கிறார் என்று நினைத்தேன். தேர்வுக் குழு ஒரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும், அதன் பிறகு வருகிற எந்தப் புகாரையும் பிரிக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. நான் காப்பி எடுக்கப் போகிறவன் மாதிரி பின்னாலேயே போய், மணி பதினொன்று இருபதுக்குக் கோட்டு அறைக் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. நான் குடித்திருக்கவில்லை.

அதன் பிறகு நான் கூடத்துக்குத் திரும்பி, மெர்லின் காற்று வாங்கப் போயிருப்பதாகச் சொன்னேன். அது பொய். டாக்டர் ஆஸ் அவர் வருகிறாரா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாக்கெடுப்பை நடத்தினார். ஆறுக்கு ஐந்து என்று ஹால்வர்ஸ் ஜெயித்தது. செயின்ட் ஓட்வின்காரர்கள் பாத்திரம் கழுவப் போனார்கள். பாத்திரச் சத்தத்தில் மெர்லின் கதவைத் தட்டியது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. ஏழு தடவை தட்டினார். பிறகு நிறுத்திவிட்டார். நிறுத்தியது எனக்குத் தட்டியதைவிடச் சங்கடமாக இருந்தது.

மணி பன்னிரண்டு இருக்கும். என் தங்கை லவோன் ஈரக் கையோடு வந்து என்னையும் நாற்காலியையும் கதவையும் பார்த்தாள். "அண்ணே, அவர் உள்ளயா இருக்காரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கதவத் திற. நேரத்துக்குச் சாப்பிடலைன்னா அவருக்குத் தல சுத்தும்னு தெரியும்ல?" என்றாள். ஒரு மணிக்குத் திறக்கிறேன் என்றேன். "நாப்பது வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் படற பாடு இருக்கே. போதும்டா சாமி" என்றாள்.

அவள் சத்தம் போட்டு மற்றவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. சமையலறைக்குப் போய் நாலு லெஃப்சே கொண்டுவந்தாள். அது எங்கள் வீடுகளில் செய்கிற உருளைக்கிழங்கு ரொட்டி, காகிதம் மாதிரி மெல்லியது. வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்து, பேப்பர் துண்டில் வைத்து, ஒவ்வொன்றாகக் கதவுக்கு அடியில் உள்ளே தள்ளினாள். உள்ளேயிருந்து "தேங்க்ஸ் லவோன்" என்று சத்தம் வந்தது. அவள் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. இந்த நேரம் வரை பேசவில்லை.

ஒரு மணிக்கு மேல் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்ப வேண்டி, கோட்டு கேட்டு வந்து நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால், ஒன்று ஐந்துக்கு, நான் கதவைத் திறந்தேன். மெர்லின் ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குளிருக்கு என் கோட்டை முழங்கால் மேல் போர்த்தியிருந்தார். கையில் கைபேசி இருந்தது. "ஜன்னல்கிட்ட ரெண்டு கோடு சிக்னல் வருது மச்சான். உனக்குத் தெரியாதா? நீதானே பொறுப்பாளரு" என்றார்.

யாருக்கு அனுப்பினாய் என்று கேட்டேன். "உங்க பதிவாளரம்மாவுக்கு" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னதை என் ஞாபகத்தில் உள்ளபடி சொல்கிறேன். "ரெண்டு வகுப்புன்னு நீ சொன்னதுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. அவனுக்கு இது கடைசிப் பருவம். பட்டத்துக்கு மிச்சம் இருக்கிறதே ரெண்டு வகுப்புன்னா, அத மட்டும் எடுத்துகிட்டு ஆடலாம். அப்படின்னு சான்று சொல்ற தாள்ல இருபத்தாறு வருஷம் கையெழுத்து போட்டவன் நான். ஆனா அந்தத் தாளு விளையாட்டுச் சங்கத்துக்குப் போயிருக்கணும். போச்சான்னு கேக்கத்தான் வெளிய கெளம்புனேன். நீ பூட்டிட்ட. இங்கேருந்தே கேட்டேன். போகல. மேசையிலேயே கெடந்திருக்கு. அந்தம்மா ஆபீசுக்கு ஓடிப்போய்ப் பன்னெண்டு நாப்பதுக்கு அனுப்பிட்டாங்க."

நான் ஏன் என்று கேட்டேன். ஒரு தாள் போகவில்லை என்று அவர் குழுவுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தால் அந்த இடம் அவர்களுக்கு. மெர்லின் என் கோட்டை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "உங்கள நாங்க திடல்ல ஜெயிச்சவங்க. படிச்சிகிட்டு இருக்கிற பையன ஒரு தாள வச்சு ஒழிச்சுட்டு, அப்புறம் படிப்பப் பத்திப் பேச எனக்கு வாய் ஏது?" என்றார். அதன் பிறகு லவோனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாலை நாலரைக்கு நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து அறிவிப்பைப் பார்த்தேன். ஹால்வர்ஸ் பெயர் வந்தது. முதல் சுற்று வருகிற சனிக்கிழமை, எங்கள் சொந்தத் திடலில். இருபத்திரண்டு வருடம் காத்திருந்த பெயர். நான் சத்தம் போடவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இதை இப்படியே எழுதிக்கொள்ளும்படி திருமதி குவாமிடம் சொன்னேன்.

இன்று காலை மெர்லின் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்து நானே இங்கு வந்தேன். தாள் வேறு, பூட்டு வேறு என்று அவர் எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். தன்னை அடைத்ததைவிடத் தன் வாக்கைப் பறித்ததுதான் பெரிய குற்றம் என்றும் எழுதியிருக்கிறார். அதையும் ஒத்துக்கொள்கிறேன். அவர் இருந்திருந்தால் ஆறுக்கு ஆறு. சமமாக இருந்திருந்தால் செயின்ட் ஓட்வினுக்குப் போட்டிருப்பேன் என்று டாக்டர் ஆஸ் நேற்றே சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் வாக்கெடுப்பில் ஹால்வர்ஸ் தோற்றது. அவர்கள் கழுவிய பாத்திரம் நாங்கள் கழுவ வேண்டியது. ஆனால் எதிரணிகளைப் பற்றிய என் அட்டையில் ஒரு எண்கூடத் தப்பில்லை. தேசியக் குழுவே அதை ஒப்புக்கொண்டுவிட்டது.

விசாரணை முடியும் வரை நான் மெர்லினை நூறு கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்று புகாரில் கேட்டிருப்பதாகவும் அப்படியே உத்தரவு வரலாம் என்றும் திருமதி குவாம் தெரிவித்தார். எங்கள் திடலின் நீளமே நூறு கஜம். மெர்லினும் எங்கள் திடலுக்கு ஆட்டம் பார்க்க வருகிற நாட்களில் நாங்கள் உட்காரும் பெஞ்சில் அவர் இடம் பதினாலு, என் இடம் பதினைந்து. நடுவே நூறு கஜம் கிடையாது. 1983 முதல் சொந்தத் திடலில் நடந்த ஓர் ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. இருந்தாலும் அப்படி உத்தரவானால் உள்ளே போக வேண்டியவர் மெர்லின். நான் வெளியே வண்டியில் உட்கார்ந்து வானொலியில் கேட்டுக்கொள்கிறேன். இதை என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

இதைச் சொன்ன பிறகு திருமதி குவாம் புகாரின் கடைசிப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினார். மெர்லின் தன் கையால் எழுதியிருப்பது வருமாறு: "மேற்கண்ட தடை சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு முதல் ஆட்டம் முடியும் வரை செல்லாது. அன்று ஆர்லன் வழக்கம் போல் என் பக்கத்தில் உட்காரலாம். என் கோட்டை மட்டும் அவரிடம் கழற்றிக் கொடுக்க மாட்டேன்."

நான் சொல்ல வேண்டியது வேறு ஒன்றுமில்லை. இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். வான்ஸ்டாட் இரண்டு ஆட்டம் ஜெயித்ததாக ஓரிடத்தில் எழுதியிருந்ததை ஒன்று என்று திருத்தச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். மற்றபடி இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, நடந்தது, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னது.

(ஒப்பம்)
ஆர்லன் ஸ்டென்ஸ்ருட்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. திங்கட்கிழமை, காலை 11.20.
டேனா குவாம், துணை ஷெரீப்