இடம் மாறிய கற்கள்

குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா சார்? கொஞ்ச நாளாவே தொண்டை சரியில்லை. இல்லேன்னாலும் பரவாயில்லை, சொல்லிடறேன், எழுதிக்குங்க.

என் வேலை ஆத்துக் கல்லைச் சுரண்டறது. சிரிப்பு வரும், வரட்டும். தண்ணிக்குள்ள கிடக்கற கல்லுல பழுப்பா, வழவழன்னு ஒரு படலம் இருக்கும். டயாட்டம்னு ஒரு நுண்பாசி. பல் தேய்க்கற பிரஷால சுரண்டி, மைக்ராஸ்கோப்புல வெச்சா, எந்த இனம் அதிகம்னு பாத்தே தண்ணியோட யோக்கியதையைச் சொல்லிடலாம். நல்ல தண்ணிக்கு ஒரு கூட்டம், சாக்கடைக்கு வேற கூட்டம். பாட்டில்ல பிடிச்ச தண்ணி அன்னிக்கு நிலவரத்தைத்தான் சொல்லும். கல்லு பல வாரத்துக் கதையைச் சொல்லும்.

சாக்கடைக் குழாய் ஆத்துல கலக்கற இடத்துக்குக் கீழே நான் கல்லெடுக்கணும். அங்க நாத்தம் குடலைப் பிடுங்கிச்சு. சோம்பேறித்தனம்தான் சார், வேற பேரு வைக்க முடியாது. குழாய்க்கு மேலேயே சுரண்டிட்டு, கீழே எடுத்ததா எழுதிட்டேன். தண்ணி சுத்தம்னு ஆச்சு. கீழ்ப்பக்கத் தெருக்களுக்கு அந்த ஆத்துத் தண்ணியையே மணல்ல வடிகட்டி, வீட்டுக் குழாய்ல விட ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு தெருவுலதான் என் தங்கச்சி வீடு.

"அண்ணா, தண்ணி ஒரு மாதிரி வாடை வருதே. பாப்பாவுக்குக் கொடுக்கலாமா?"

"நானே பாத்த தண்ணி. தாராளமா கொடு."

வேற என்ன சொல்றது? உண்மையைச் சொன்னா என் மானம் போயிடும்.

அப்புறம் ஆபீஸுக்குப் புதுசா வந்த பொண்ணு, அந்த இடத்தை மறுபடி பாக்கறேன்னா. கெட்டிக்காரி. அவ போறதுக்கு முந்தி, சாக்கடைக் குழாய்க்கு மேலேயிருந்து கல்லுகளைப் பக்கெட் தண்ணியில மூழ்கவெச்சுத் தூக்கிட்டு வந்து, படலம் கலையாம, பாசிப்பக்கம் மேலே இருக்கற மாதிரி கீழே பரப்பினேன். ஒழுங்கா வேலை பாத்தது அன்னிக்குத்தான் சார்.

"உங்க முடிவேதான் சார் எனக்கும் வந்திருக்கு"ன்னு அவ சொன்னப்ப நிம்மதியா இருந்தது. அதைச் சொல்லத்தான் இப்பக் கூசுது.

பாப்பாவுக்கு வாந்தி நிக்கவே இல்லை. இன்னும் நடக்கக்கூடப் பழகலை சார் அது. போயிடுச்சு. தண்ணிதான் காரணம்னு டாக்டர் சொன்னாரு. என் தங்கச்சி அவர்கிட்டயே சண்டைக்குப் போனா. "தண்ணியா இருக்காது டாக்டர். எங்க அண்ணன் பாத்த தண்ணி." நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறக்கலை. பக்கத்து வீட்டுக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினப்பவும் திறக்கலை.

அந்தத் தெருக்கள்ல வீட்டுக் குழாயில இன்னும் அந்தத் தண்ணி வந்துட்டுத்தான் இருக்கு. முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க.

காரியம் முடிஞ்சு உக்காந்திருந்தப்ப தங்கச்சி வீட்டுக்காரர் அவளைக் கேட்டாரு. "உங்க அண்ணன் மட்டும் ஏன் நம்ம வீட்டுத் தண்ணியைத் தொடறதே இல்லை? வரும்போதெல்லாம் பாட்டில்ல வெந்நீர் கொண்டுவர்றாரே?"

அவ எனக்காகக் கோவப்பட்டா. "அவருக்குத் தொண்டை சரியில்லைங்க. இது தெரியாதா உங்களுக்கு?"

என் தொண்டை நல்லாத்தான் இருக்கு சார்.