வலது கையில் ஆண்டவர்

காரவள்ளி தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும், முன் சீட்டில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த மூத்த டீச்சர் பக்கத்திலிருந்த இளம் டீச்சரிடம் சொன்னார்: "நேத்து சர்ச்சுல ஆண்டவரைக் கையில வாங்கிட்டேன் கண்ணு."

"ஃபாதர் குடுக்கிற அப்பந்தானுங்கக்கா? கையில வாங்குனா என்னங்க?"

"நாங்க பழைய ஆளுங்க. முட்டி போட்டு நாக்குலதான் வாங்குவோம். என் மருமக நின்னுக்கிட்டு இடது கையில வாங்கி, வலது கையால எடுத்து வாயில போடுவா. பீச்சாங்கையிலயா சாமிய வாங்குறதுன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். அன்னைல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல."

"அப்புறம் நீங்க ஏனுங்க கைய நீட்டுனீங்க?"

"பல்லு புடுங்குனதுல நாக்கை நீட்ட முடியல. பழக்கமில்லாம வலது கையை மேல வெச்சு நீட்டிட்டேன். ஃபாதரும் அதுல வெச்சுட்டார். இனி எடுத்து வாயில போட இடது கைதான் மிச்சம்! லைனே நிக்குது, நானும் நிக்கிறேன்."

"அய்யோ!"

"பின்னாடி நின்னவ அவதான். காதுகிட்ட வந்து, 'அத்தை, எடுக்காதீங்க. உள்ளங்கையோட வாயில வெச்சுக்குங்க'ன்னா."

"சிரிச்சாங்களா?"

"அங்க சிரிக்கல. ஊட்டுக்கு வந்து எனக்குக் கஞ்சி ஊத்துறப்ப சிரிச்சா. எனக்கும் அடக்க முடியல, வாய் வலியோட சிரிச்சேன்."

பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திணறித் திரும்பியது.

"அப்ப இனிமே கையிலதானுங்களா?"

"அதெப்படி? வாய் ஆறட்டும், நாக்குலதான். அவ எப்படி வேணா வாங்கிக்கட்டும். ஆனா என் பின்னாடியே நிக்கட்டும்."